25,000 தெருக்கள், ஒரு மூளை, வாரத்துக்கு 168 மணி நேரம்

மாணவர்களே, இரவு பத்து மணிக்கு மேல் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாராவது புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? தொழிற்சாலையில் மின்சாரப் பராமரிப்பு வேலை பார்க்கும் அப்பா ‘சார்ஜ்மேன்’ சான்றிதழ்த் தேர்வுக்குப் படிப்பார். கணக்கு அலுவலகத்தில் வேலை செய்யும் அக்கா ஏ.சி.சி.ஏ. தாள்களை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டிருப்பார். தாதியாக இருக்கும் சித்தி மேற்படிப்புக்குத் தயார் செய்வார். மறுநாள் காலையில் இவர்கள் எல்லாருமே வேலையில் இருக்க வேண்டும்.

எஸ்.பி.எம். முடிந்தால் தேர்வுத் தொல்லை முடிந்தது என்று நீங்கள் நினைத்திருந்தால், மன்னிக்கவும். கணக்காய்வாளர், பொறியாளர், வழக்கறிஞர், மின்பணியாளர், மருத்துவ நிபுணர் என்று எந்தத் தொழிலை எடுத்துக்கொண்டாலும், வேலையில் சேர்ந்த பிறகு எழுத வேண்டிய தேர்வுகள் காத்திருக்கின்றன. அப்போது டியூசன் ஆசிரியர் இருக்க மாட்டார். காலை முதல் மாலை வரை வேறு வேலை இருக்கும். களைத்துப்போன மூளையும் துண்டு துண்டான நேரமும்தான் கையில் மிஞ்சும்.

அந்த நிலையில் மூளை எப்படிக் கற்கிறது? எவ்வளவு நேரம் தேவைப்படுகிறது? இதை அறிவியலாளர்கள் ஓரிடத்தில் பல ஆண்டுகள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். அந்த இடம் பல்கலைக்கழக வகுப்பறை அல்ல, லண்டன் மாநகரின் டாக்சி உலகம்.

‘அறிவு’ என்றே பெயர் கொண்ட தேர்வு

லண்டனின் கறுப்பு டாக்சிகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவற்றை நகரம் முழுவதும் ஓட்டுவதற்கான பச்சை வில்லையைப் பெற ஒரு தேர்வில் தேற வேண்டும். அதன் பெயர் ‘தி நாலெட்ஜ்’, அதாவது ‘அறிவு’. 1865 முதல் நடந்துவரும் தேர்வு அது. நகரின் நடுவில் உள்ள சேரிங் கிராஸ் என்ற இடத்தை மையமாக வைத்து 6 மைல் ஆரத்தில் ஒரு வட்டம் வரையுங்கள். கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர். அந்த வட்டத்துக்குள் சுமார் 25,000 தெருக்கள் இருக்கின்றன. அவற்றோடு மருத்துவமனைகள், நீதிமன்றங்கள், தங்குவிடுதிகள், நாடக அரங்குகள், காவல் நிலையங்கள் என்று ஆயிரக்கணக்கான இடங்கள். அத்தனையும் மனத்தில் இருக்க வேண்டும்.

கோலாலம்பூரைப் போலவே லண்டனும் கட்டம் போட்டு வரைந்த நகரம் அல்ல. தெருக்கள் வளைந்து நெளிந்து போகும், பாதி வழியில் பெயர் மாறும், ஒருவழிப் பாதையாகும். பயிற்சி பெறுவோர் முதலில் 320 வழித்தடங்களைக் கற்கிறார்கள். முதல் வழித்தடம் மேனர் ஹவுஸ் நிலையத்திலிருந்து கிப்சன் ஸ்குவேர் வரை. சிறிய மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் வரைபடத் தாளைப் பொருத்திக்கொண்டு, மழையிலும் குளிரிலும் தெருத் தெருவாகச் சுற்றுவார்கள்.

பிறகு வாய்மொழித் தேர்வு. நல்ல உடை அணிந்து தேர்வாளர் முன் உட்கார வேண்டும். அவர் இரண்டு இடங்களைச் சொல்வார். வரைபடம் இல்லை, கைப்பேசி இல்லை. எந்தத் தெருவில் புறப்பட்டு, எங்கே இடது பக்கம் திரும்பி, எந்தச் சுற்றுவட்டத்தில் எந்த வழியாக வெளியேறிப் போக வேண்டும் என்று தெருப்பெயர்களை வரிசையாக ஒப்பிக்க வேண்டும். முதல் கட்டத்தில் 56 நாளுக்கு ஒரு முறை இந்தச் சந்திப்பு நடக்கும். தேறத் தேற இடைவெளி 28 நாளாகும், பிறகு 21 நாளாகும். எல்லாவற்றையும் முடிக்கப் பொதுவாக 3 முதல் 4 ஆண்டுகள் பிடிக்கும்.

அந்த ஆண்டுகளில் யாரும் சம்பளம் தருவதில்லை. பெட்ரோல் செலவும் சொந்தச் செலவு. ஆகவே பலர் வேறு ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டே படிக்கிறார்கள். வழிகாட்டும் செயலி எல்லாருடைய கையிலும் இருக்கும் காலத்தில் இந்தத் தேர்வு தேவையா என்று நீங்கள் கேட்கலாம். லண்டனிலும் அந்த வாக்குவாதம் நடக்கிறது. நமக்கு வேண்டியது வேறு. முழுநேர வேலையில் இருக்கும் பெரியவர்கள், மூன்று நான்கு ஆண்டுகள் ஒரே பாடத்தைப் படிக்கிறார்கள். மூளையை ஆராய்பவர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா?

ஸ்கேன் சொன்னது என்ன?

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த எலினார் மெக்வயர் என்ற ஆய்வாளர் இந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டார். நம் மூளையின் இரு பக்கங்களிலும், காதுக்கு நேர் உள்ளே, கடற்குதிரையைப் போல் வளைந்த ஒரு பகுதி உண்டு. அதன் பெயரே கிரேக்க மொழியில் கடற்குதிரையைக் குறிக்கும் ‘ஹிப்போகேம்பஸ்’. புதிய நினைவுகளை உருவாக்குவதிலும், இடம் வழி அறிவதிலும் அதற்கு முக்கியப் பங்கு இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் மெக்வயரும் அவருடைய குழுவினரும் 16 டாக்சி ஓட்டுநர்களின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியில் படம் பிடித்தார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டபோது, ஓட்டுநர்களுக்கு ஹிப்போகேம்பஸின் பின்பகுதி பெரிதாக இருந்தது.

இங்கே சற்று நில்லுங்கள். இந்த முடிவிலிருந்து ‘படித்ததால் மூளை வளர்ந்தது’ என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. பிறக்கும்போதே பெரிய ஹிப்போகேம்பஸ் உள்ளவர்கள்தாம் அந்தக் கடினமான தேர்வில் தேறினார்கள் என்றும் இருக்கலாமே! கூடைப்பந்து வீரர்கள் உயரமாக இருக்கிறார்கள் என்பதற்காக, கூடைப்பந்து ஆடினால் உயரமாகலாம் என்று சொல்வோமா?

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஆய்வாளர்கள் இரண்டு வழிகளில் போனார்கள். 2006இல் லண்டன் பேருந்து ஓட்டுநர்களோடு ஒப்பிட்டார்கள். அவர்களும் அதே நெரிசலில் அதே நகரத்தில் நாள் முழுக்க வண்டி ஓட்டுகிறவர்கள்தாம். ஆனால் ஒரே வழித்தடத்தில் போய் வருகிறார்கள். டாக்சி ஓட்டுநர்களிடம் கண்ட மாற்றம் அவர்களிடம் இல்லை. இரண்டாவது வழிதான் உறுதியானது. படிப்பைத் தொடங்கும் முன்பே ஆட்களைப் பிடித்து ஸ்கேன் எடுப்பது, பிறகு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது!

கேத்ரின் வூலெட், மெக்வயர் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு அது. பயிற்சியைத் தொடங்கவிருந்த 79 பேரையும், டாக்சி ஓட்டும் எண்ணமே இல்லாத 31 பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் இரு தரப்புக்கும் இடையே மூளையிலோ நினைவாற்றலிலோ வேறுபாடு தென்படவில்லை. 3, 4 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது 79 பேரில் 39 பேர் தேர்வில் தேறியிருந்தார்கள். தேறாதவர்களில் 20 பேர் மறுபடியும் ஸ்கேன் எடுக்க வந்தார்கள். தேறியவர்களுக்கு மட்டும் ஹிப்போகேம்பஸின் பின்பகுதியில் சாம்பல்நிறப் பொருள் கூடியிருந்தது.

வளர்ந்த பெரியவர்களின் மூளையும் படிப்பினால் மாறுகிறது என்பதற்கு நல்ல சான்று இது. ‘இந்த வயதில் எனக்கு மண்டையில் ஏறாது’ என்று உங்கள் அப்பா சொன்னால், இந்த ஆய்வை அவரிடம் சொல்லுங்கள். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. தேறியவர்கள் புதிதாகப் பார்த்த ஒரு சிக்கலான உருவத்தை நினைவிலிருந்து வரைவதில் மற்றவர்களைவிடச் சற்றுப் பின்தங்கினார்கள். ஓரிடத்தில் கிடைத்த ஆதாயத்துக்கு மூளை வேறோரிடத்தில் விலை கொடுக்கிறது போலும்.

சரி, தொடக்கத்தில் ஒரே மாதிரி இருந்தவர்களில் சிலர் தேறவும் சிலர் தேறாமல் போகவும் காரணம் என்ன? அந்த ஆய்வில் ஓர் எண் பளிச்சென்று தெரிகிறது. தேறியவர்கள் வாரத்துக்குச் சராசரியாக 34 மணி நேரம் போலப் படித்தார்கள். தேறாதவர்கள் சுமார் 17 மணி நேரம். ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அந்த 34 மணி நேரம் எங்கிருந்து வரும்?

ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். வாரத்துக்கு 7 நாள், நாளுக்கு 24 மணி, மொத்தம் 168 மணி நேரம். பணக்காரருக்கும் இதுதான், தோட்டத்தில் வேலை செய்பவருக்கும் இதுதான்.

நம் நாட்டில் 2023 முதல் வேலைச் சட்டத்தின்படி வாரத்துக்கு 45 மணி நேரம் வேலை. கழித்தால் 123. நாளுக்கு 8 மணி நேரத் தூக்கம் என்றால் 56, மீதம் 67. போய்வர நாளுக்கு 2 மணி நேரம், ஐந்து நாளுக்கு 10; மீதம் 57. குளியல், சமையல், சாப்பாடு, துணி துவைப்பது, கடைக்குப் போவது எல்லாம் சேர்த்து நாளுக்கு 3 மணி நேரம் என்று வைத்தால் 21. மிஞ்சுவது 36 மணி நேரம்.

பரவாயில்லையே, 34-ஐவிட 2 மணி நேரம் அதிகமாகவே இருக்கிறதே என்று தோன்றும். தாளில்தான் அப்படி. இந்தக் கணக்கில் பிள்ளை இல்லை, பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துப்போவது இல்லை, ஓவர்டைம் இல்லை, திருமணம் இல்லை, கோயில் திருவிழா இல்லை, ஒரு மணி நேரம் சும்மா உட்காருவதும் இல்லை. அந்த 36 மணி நேரம் வரிசையாகவும் கிடைப்பதில்லை. மதியம் 20 நிமிடம், ரயிலில் 35 நிமிடம், இரவில் ஒரு மணி நேரம் என்று சில்லறைக் காசாகத்தான் கைக்கு வருகிறது.

சில்லறையை வைத்துக்கொண்டு வீடு கட்ட முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடி நாம் பிரிட்டிஷ் தபால்காரர்களிடம் போகலாம்.

தபால்காரர்களின் தட்டச்சு வகுப்பு

பிரிட்டனில் அஞ்சல் குறியீட்டு எண்கள் அறிமுகமான காலம். கடிதங்களை இயந்திரம் பிரிப்பதற்காகத் தபால்காரர்கள் விசைப்பலகையில் தட்டக் கற்க வேண்டியிருந்தது. வேலையில் இருப்பவர்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுத்தால் விரைவில் வரும்? ஆலன் பேடலி, லாங்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் அவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாளுக்கு 1 மணி நேரம். இன்னொன்றுக்கு 1 மணி நேரமாக இரு வேளை. அடுத்ததற்கு ஒரே மூச்சில் 2 மணி நேரம். கடைசிக் குழுவுக்கு 2 மணி நேரமாக இரு வேளை, அதாவது நாளுக்கு 4 மணி நேரம். ஆய்வு 1978இல் வெளியானது.

விசைப்பலகையைக் கற்றுக்கொள்ள நாளுக்கு 1 மணி நேரக் குழுவுக்குச் சுமார் 35 மணி நேரப் பயிற்சி போதுமானதாக இருந்தது. நாளுக்கு 4 மணி நேரம் தட்டியவர்களுக்குச் சுமார் 50 மணி நேரம் தேவைப்பட்டது. பல மாதம் கழித்துச் சோதித்தபோதும் அந்த 4 மணி நேரக் குழுவே பின்தங்கியது. ஒரே வேலையைக் கற்க 15 மணி நேரம் கூடுதலாகச் செலவழித்தும் அப்படி.

ஆனால் அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. தங்கள் பயிற்சி முறையைப் பற்றி மிகவும் குறைவாகத் திருப்தி அடைந்தவர்கள் யார் தெரியுமா? அந்த 1 மணி நேரக் குழுவினர்தாம்! கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 1 மணி நேரமாக 35 மணி நேரம் என்றால், வாரத்துக்கு 5 நாள் வீதம் 7 வாரம் ஆகும். 4 மணி நேரக்காரர்கள் மூன்றாவது வாரத்திலேயே முடித்துவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவன் முந்திப் போவதைப் பார்க்கும்போது, தன் முறைதான் நல்ல முறை என்று யாருக்குத் தோன்றும்?

வேலைக்குப் போய்க்கொண்டு படிப்பவருக்கு இதில் ஒரு நல்ல செய்தியும் ஒரு கண்டிப்பும் இருக்கின்றன. அவரால் ஒதுக்க முடிந்த ‘நாளுக்கு ஒரு மணி நேரம்’ வீணான நேரம் அல்ல. மணிக்கணக்கில் பார்த்தால் அதுவே அதிக விளைச்சல் தருவது. ஆனால் நாள்கணக்கு நீளும். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது தொடங்கினால் அந்த முறை அவருக்கு உதவாது.

இந்த இடைவெளி விளைவை முதலில் அளந்தவர் ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ். 1885இல் வெளியான அவருடைய புத்தகத்தில் சோதனை எலி அவர்தான். பொருளற்ற அசைகளை உருவாக்கி, அவற்றைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு மறந்தது என்று நாள்தோறும் குறித்துவைத்தார். 12 அசைகள் கொண்ட பட்டியலை ஒரே நாளில் 68 முறை திரும்பச் சொன்னதால் மறுநாள் கிடைத்த பலன், மூன்று நாளில் பிரித்து 38 முறை சொன்னபோதே கிடைத்துவிட்டது. 30 முறை மிச்சம்.

ஏன் அப்படி? சுவருக்குச் சாயம் பூசுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பூச்சு காயும் முன் இரண்டாவதைப் பூசினால் சாயம் வழிந்து ஓடும். மூளையில் ஒரு நினைவு நிலைக்க, நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் வலுப்பட வேண்டும். அதற்குப் புதிய புரதங்கள் உருவாக வேண்டும். சில மணி நேரம் பிடிக்கும் வேலை அது. நீங்கள் அவசரப்படுத்துவதால் வேதிவினைகள் விரைந்து ஓடுவதில்லை. மேலும், இடைவெளி விட்டுத் திரும்பும்போது பாதி மறந்திருக்கும். அதைத் தேடிப் பிடிக்கும் முயற்சியும் நினைவை வலுவாக்குகிறது.

வாயால் ஒப்பிக்கும் நண்பர்கள்

லண்டன் டாக்சிப் பயிற்சியாளர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மாலையில் இருவர் எதிரெதிரே உட்காருவார்கள். ஒருவர் வரைபடத்தைப் பார்த்துக்கொள்வார். மற்றவர் பார்க்காமல் வழியைச் சொல்வார். தவறினால் நிறுத்தித் திருத்துவார். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். இப்படி ‘அழைத்துப் பார்ப்பது’ அவர்களுடைய படிப்பில் பெரும் பகுதி. எந்த உளவியலாளரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அல்ல. தலைமுறை தலைமுறையாக வந்த தொழில் வழக்கம்.

அந்த வழக்கம் சரியானது என்பதை அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006இல் எண்களோடு காட்டினார்கள். மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு முறை அதைப் படித்துவிட்டு மறுபடியும் படிக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை, படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தால், மறுபடி படித்தபோது 81 விழுக்காடு நினைவிருந்தது. எழுதிப் பார்த்தபோது 75. படிப்பதே மேல் என்று தோன்றுகிறதா? 2 நாள் கழித்து அது 54 ஆனது, இது 68. ஒரு வாரம் கழித்து 42க்கு 56.

முதல் 5 நிமிட முடிவுதான் நம்மை ஏமாற்றுவது. இரண்டாம் முறை படிக்கும்போது வரிகள் பழகிய முகங்களாகத் தெரியும். ‘இது எனக்குத் தெரியும்’ என்று மனம் சொல்லும். மஞ்சள் மையால் கோடு போட்ட பக்கம் அழகாகவும் இருக்கும். மூடிவைத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் உண்மை தெரியவரும். அந்த உண்மை கசப்பாக இருப்பதால் பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை.

சில்லறை நேரக்காரர்களுக்கு இதில் கூடுதல் வசதியும் உண்டு. எல்.ஆர்.டி. ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நிற்பவர் தடித்த புத்தகத்தைப் பிரிக்க முடியாது. ஆனால் நேற்றுப் படித்த ஐந்து விதிகளை மனத்துக்குள் வரிசைப்படுத்திப் பார்க்க முடியும். தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்திருக்கும்போதும், சாப்பாட்டுக் கடை வரிசையில் நிற்கும்போதும் முடியும். சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது மட்டும் வேண்டாம். அப்போது மூளைக்கு வேறு அவசர வேலை இருக்கிறது.

தூக்கத்திலிருந்து கடன் வாங்கலாமா?

36 மணி நேரம் போதாதபோது எல்லாரும் கை வைப்பது தூக்கத்தில்தான். ‘எனக்கு ஐந்து மணி நேரம் போதும்’ என்று பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஹான்ஸ் வான் டோங்கனும் அவருடைய குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நலமான 48 பெரியவர்கள் கலந்துகொண்டார்கள். சிலருக்கு இரவில் 8 மணி நேரம் படுக்கை, சிலருக்கு 6, சிலருக்கு 4. இப்படியே 14 நாள். கவனத்தையும் நினைவையும் அளந்து பார்த்தபோது, 6 மணி நேரமும் அதற்குக் குறைவாகவும் தூங்கியவர்கள் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனார்கள். முடிவில் அவர்கள் ஓர் இரவோ இரண்டு இரவுகளோ கண்ணே மூடாதவர்களின் நிலைக்கு வந்துவிட்டிருந்தார்கள். ஆனால் ‘எவ்வளவு தூக்கமாக இருக்கிறது?’ என்று கேட்டபோது அவர்கள் கொடுத்த மதிப்பெண் அந்த அளவுக்கு மோசமாக இல்லை. பழகிவிட்டது என்று நினைத்தார்கள். உணர்வு பழகிக்கொண்டது, மூளை பழகவில்லை.

தூங்கும் மூளை சும்மாவும் இருப்பதில்லை. 1924இலேயே ஜென்கின்ஸ், டாலன்பாக் இருவரும் இரண்டு மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், மனனம் செய்துவிட்டுத் தூங்கியபோது நினைவில் நின்றது, விழித்திருந்தபோது நின்றதைவிட அதிகம் என்று கண்டார்கள். 1994இல் எலிகளிடம் ஒரு வியப்பான காட்சி தெரிந்தது. பகலில் ஓடித் திரிந்தபோது ஹிப்போகேம்பஸில் ஒன்றாகச் செயல்பட்ட நரம்பணுக்கள், எலி தூங்கும்போது மறுபடியும் ஒன்றாகத் துடித்தன. பகலில் போன பாதையை இரவில் ஒத்திகை பார்ப்பதுபோல! தூக்கத்தைக் குறைத்துப் படிப்பவர், அந்த ஒத்திகை நேரத்தை எடுத்துப் படிப்புக்குக் கொடுக்கிறார்.

காப்பி, தே தாரிக் விஷயமும் இதோடு சேர்ந்தது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே வந்து தூக்கத்தை வரவழைக்கும. காப்பியில் உள்ள காஃபின் அது உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு தீரவில்லை, களைப்பின் செய்தி மட்டும் தடைபடுகிறது. உடலில் காஃபின் பாதியாகக் குறையச் சுமார் 5 மணி நேரம் ஆகும். இரவு 9 மணிக்குக் குடித்த காப்பியின் பாதி, அதிகாலை 2 மணிக்கும் வேலை செய்துகொண்டிருக்கும். உங்களைப் போன்ற பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. பெரியவர்களைப் பார்த்துப் போட்டி போட வேண்டாம்.

அலுவலகம் தலைக்குள் தொடர்ந்தால்

ஆறு மணிக்கு வேலை முடிந்தாலும் மூளை ஆறு மணிக்கு வெளியே வருவதில்லை. ஒரு வேலையை முடிக்காமல் விட்டு அடுத்த வேலைக்குத் தாவும்போது, கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சோஃபி லெராய் 2009இல் காட்டினார். கவன எச்சம் என்று அதைச் சொல்லலாம். உடனே புத்தகத்தைப் பிரிப்பதைவிட, ‘நாளை எங்கிருந்து தொடர வேண்டும்’ என்று இரண்டு வரி எழுதிவைத்துவிட்டு மாறுவது உதவும். உங்களுக்கும் இது பொருந்தும். கணிதப் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வரலாற்றுக்கு மாறும் முன் அந்த இரண்டு வரியை எழுதிப் பாருங்கள்.

திட்டம் போடுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ‘இந்த வாரம் நிறையப் படிக்கப் போகிறேன்’ என்பது திட்டமே அல்ல. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் மாணவர்களிடம், விடுமுறை நாளில் ஒரு கட்டுரை எழுதி அனுப்பச் சொன்னார். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்துவைத்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் சொன்ன காலத்துக்குள் எழுதி முடித்தார்கள். குறிக்காதவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே முடித்தார்கள். எல்லாருக்கும் ஆசை ஒரே அளவுதான் இருந்தது.

இவ்வளவையும் படித்துவிட்டு, சரியான முறை தெரிந்தால் எல்லாரும் தேறிவிடலாம் என்று எண்ண வேண்டாம். அந்த 79 பேரில் தேறியவர்கள் பாதிப் பேர்தான். தேறாதவர்கள் சோம்பேறிகள் அல்லர். வேறு வேலையும் குடும்பமும் இருக்க வாரத்துக்கு 17 மணி நேரம் மழையில் தெருச் சுற்றுவது எளிதா? ஒருவருக்கு 34 மணி நேரம் கிடைக்கிறது என்றால், பெரும்பாலும் அந்த வீட்டில் வேறு யாரோ சமைக்கிறார்கள், துணி மடிக்கிறார்கள், தம்பியைப் பள்ளியிலிருந்து அழைத்து வருகிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணைகளில் அந்த மணி நேரங்களுக்குத் தனிப் பத்தி இல்லை.

படிக்கும் பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவருடைய குறிப்பேட்டை வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் கேள்வி கேளுங்கள். பாடம் உங்களுக்குப் புரிய வேண்டியதில்லை. விடை பக்கத்தில் இருப்பதும் அவர் வாயிலிருந்து வருவதும் ஒன்றா என்று பார்த்தால் போதும். அதே உதவியை எஸ்.பி.எம். வரலாற்றுக்கு அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

இடைவெளி விளைவை நம்பச் சொல்லவில்லை, அளந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத 20 மலாய்ப் பழமொழிகளையும் அவற்றின் பொருளையும் எடுத்துக்கொள்ளுங்கள். வேதியியல் குறியீடுகளாகவும் இருக்கலாம். சீட்டுக் குலுக்கி 10, 10 ஆகப் பிரித்து ‘அ’, ‘ஆ’ என்று பெயரிடுங்கள். நீங்களே பொறுக்கிப் பிரித்தால் எளிதானவை ஒரு பக்கம் சேர்ந்துவிடும்.

‘ஆ’ பட்டியலைச் சனி, திங்கள், புதன், வெள்ளி ஆகிய நான்கு நாளில், நாளுக்கு 5 நிமிடம் படியுங்கள். ‘அ’ பட்டியலை அதே வெள்ளிக்கிழமை ஒரே மூச்சில் 20 நிமிடம் படியுங்கள். இரண்டுக்கும் மொத்தம் 20 நிமிடம்தான், இரண்டும் முடிவதும் ஒரே நாளில்தான். இரண்டையும் ஒரே முறையில் படிக்க வேண்டும். ஒன்றை வாசித்தும் மற்றதை ஒப்பித்தும் படித்தால், எது வேறுபாட்டை உண்டாக்கியது என்று தெரியாமல் போகும். வெள்ளிக்கிழமை இரவு, எந்தப் பட்டியல் நன்றாக நினைவிருக்கும் என்று தோன்றுகிறதோ அதை ஒரு தாளில் எழுதி மூடிவையுங்கள்.

ஒருவரின் முடிவை மட்டும் வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. நான்கைந்து நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, பாதிப் பேருக்குப் பட்டியல்களை மாற்றிக் கொடுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை தேர்வு வைத்து, மூடிவைத்த தாளையும் அப்போது பிரித்துப் பாருங்கள். அதுவரை இரண்டு பட்டியல்களையும் யாரும் தொடக் கூடாது.